சாயத் தண்ணீரும் களிமண்ணும்

நமது சங்கங்களில் தறி வைத்திருப்போரும் உண்டு; ஏர் வைத்திருப்போரும் உண்டு. பல ஊர்களில் இவ்விரு சாராருக்கும் இடையே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. சாயப் பட்டறையில் நூலை அலசிய தண்ணீர் அவ்வாய்க்கால் வழியே ஏரியை அடைந்து, ஏரியிலிருந்து கழனிக்குப் பாய்கிறது. ஆகையால் அத்தண்ணீரில் என்ன கலந்துள்ளது, கலந்ததை எவ்வாறு நீக்கலாம் என்பது இரு சாராரும் சேர்ந்து கற்க வேண்டிய பாடமாகும். களிமண்ணைக் கொண்டே கழிவுநீரிலுள்ள கன உலோகங்களை நீக்கிவிடலாம் என்று விஞ்ஞானிகள் நெடுநாளாக எழுதி வருகின்றனர். செய்தி பொய்யன்று. ஆயினும் அதை அப்படியே நம்பிச் சங்கப் பணத்தைச் செலவிட்டுவிடவும் இயலாது. களிமண் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது, பிடித்ததை எவ்வளவு உறுதியாக வைத்திருக்கும் என்பவற்றை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் கன உலோகங்கள் யாவை என்று பார்ப்போம். ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றையே நாம் பெரும்பாலும் இப்பெயரால் குறிக்கிறோம். இவற்றுள் செம்பும் துத்தநாகமும் பயிருக்கும் நமக்கும் சிறிதளவு வேண்டியவையே, மிகுந்தால்தான் தீங்கு. ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றாலும் உடலுக்கு எள்ளளவும் பயனில்லை. சாணமும் சருகும் மக்கி மறைவதுபோல் இவை மறைவதில்லை. தண்ணீரைக் காய்ச்சினாலும் போகா. நீர் ஆவியாகிக் குறையக் குறைய உலோகம் செறிவடையுமேயன்றிக் குறையாது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 2012ஆம் ஆண்டில் விதித்த அளவுகள், லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003 மில்லிகிராம், மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம் என்பனவாம். ஆயிரம் லிட்டர் கொண்ட தொட்டியில் 10 மில்லிகிராம் ஈயம் கரைந்திருந்தால் அதுவே எல்லை. இந்த அளவைக் கண்ணோ நாக்கோ அறியாது.

இவை நம் தொழிலில் எங்கிருந்து வருகின்றன? பட்டுக்கும் கம்பளிக்கும் இடும் சில சாயங்களில் குரோமியமோ கோபால்ட்டோ சாயத்தின் உடலிலேயே பிணைக்கப்பட்டிருக்கிறது. பருத்தி நூலுக்கு நாம் இடும் மயில்நீலம், கிளிப்பச்சை போன்ற பளிச்சென்ற நிறங்கள் பலவற்றில் செம்பு உண்டு. நேர்ச்சாயம் வெளுக்காதிருக்க மயில்துத்தக் கரைசலில் நூலை முக்கும் வழக்கமும், சாயத்தை நிலைக்கச் செய்யப் பைக்குரோமேட் இடும் வழக்கமும் முன்பு பரவலாக இருந்தன. உழவர் பக்கத்திலும் கணக்கு உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையால் தோட்ட மண்ணில் செம்பு சேருகிறது. பாஸ்பேட் உரங்களில் அவை தோண்டப்பட்ட பாறையைப் பொறுத்துச் சிறிது காட்மியம் இருக்கிறது. எனவே, மேல்வாய்க்காலார் கீழ்வாய்க்காலாரை மட்டுமோ, கீழ்வாய்க்காலார் மேல்வாய்க்காலாரை மட்டுமோ குறை கூறுவதற்கு இடமில்லை.

இனிக் களிமண்ணுக்கு வருவோம்.

மண் வெறும் சல்லடை அன்று, அது கரைந்துள்ள பொருளையும் பிடிக்கும் என்பதை முதலில் ஒழுங்காகச் சோதித்துக் காட்டியவர்கள் வேளாண்மையில் ஈடுபட்டவர்களே. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதி நிலக்கிழாரான தாம்சன் என்பவர், எருவிலுள்ள அம்மோனியா மழையில் அடித்துச் செல்லப்படுகிறதா என்று அறிய விரும்பினார். மண் நிரப்பிய குழாயின் மேல் அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை ஊற்றினார். அடியில் வடிந்த நீரில் அம்மோனியாவுக்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் இருந்தது. அரச வேளாண்மைச் சங்கத்தின் ரசாயன அறிஞரான வே என்பவர் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1850ஆம் ஆண்டிலும் 1852ஆம் ஆண்டிலும் வெளியிட்டார். மண் தன்னிடமிருந்த கால்சியத்தைக் கொடுத்து, அதற்கு ஈடாக அம்மோனியாவை வாங்கிக்கொண்டது. இச்செயல் பெரும்பாலும் மண்ணிலுள்ள களிப்பகுதியில் நிகழ்கிறது என்பது அவர் கண்ட முடிவு. இதையே இன்று அயனிமாற்றம் என்கிறோம். பண்டமாற்றுச் சந்தையைப் போன்றதுதான் இது: ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும். உழவர் இட்ட உரம் ஒரே மழையில் ஓடிவிடாமல் நிற்பதற்கும், களிமண் ஈயத்தைப் பிடிப்பதற்கும் காரணம் ஒன்றே.

களிமண் துகளை மிகப் பெருக்கிக் காட்டும் கருவியில் பார்த்தால், அது மடித்து அடுக்கிய துணிக்கட்டைப் போலத் தோன்றும். சிலிகா ஏடும் அலுமினா ஏடும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வெண்களி எனப்படும் கயோலினைட்டில் இவ்வேடுகள் கஞ்சி போட்டுத் தேய்த்த துணிபோல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. நடுவே தண்ணீர் புகாது. மாண்ட்மோரில்லோனைட் என்ற வகையிலோ மடிப்புகள் தளர்ந்திருக்கும். தண்ணீர் உள்ளே புகும், மண் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பிரான்ஸ் நாட்டு மாண்ட்மோரில்லோன் என்ற ஊரின் பெயரால் வழங்கும் இதற்கு நாம் பிரான்ஸ் வரை போக வேண்டியதில்லை. கோவில்பட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டில் கோடையில் கால் புதையும் அளவுக்கு வெடிப்பு விடுவது இந்த வகைக் களியினால்தான். பெண்டோனைட் என்ற பெயரில் கடைகளில் மூட்டையாகக் கிடைப்பதிலும் பெரும்பகுதி இதுவே. நம் நாட்டில் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் அது வெட்டியெடுக்கப்படுகிறது.

ஒரு கிராம் மாண்ட்மோரில்லோனைட்டின் மடிப்புகளையெல்லாம் பிரித்துப் பரப்ப முடிந்தால் ஏறக்குறைய 750 சதுர மீட்டர் பரப்பு வரும். ஐந்தரை மீட்டர் நீளமும் ஒன்றேகால் மீட்டர் அகலமும் உள்ள சேலைகள் நூற்றுக்கு மேல் விரித்த பரப்பு இது. ஒரு கிராம் கயோலினைட்டோ இரண்டு மூன்று சேலைக்கு மேல் தேறாது. பரப்பு மட்டும் போதாது. மாண்ட்மோரில்லோனைட்டின் ஏடுகளில் மூன்று மின்னேற்றமுள்ள அலுமினியம் இருக்கவேண்டிய சில இடங்களில் இரண்டே மின்னேற்றமுள்ள மக்னீசியம் அமர்ந்திருப்பதால், ஏடு முழுவதும் எதிர்மின்சாரம் மிஞ்சி நிற்கிறது. அந்த எதிர்மின்சாரமே நேர்மின்சாரமுள்ள உலோக அயனிகளை இழுத்து வைத்துக்கொள்கிறது. விஞ்ஞானிகள் கணக்கிட்டபடி, ஒரு கிலோ நல்ல மாண்ட்மோரில்லோனைட்டு ஏட்டளவில் 100 கிராம் ஈயத்தைப் பிடிக்க வல்லது. கயோலினைட்டின் சக்தி இதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். ஆகவே, களிமண் என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. எந்தக் களி என்று கேட்க வேண்டும்.

சிலர், மண்பானையில் தண்ணீரை ஊற்றி வைத்தாலே உலோகம் நீங்கிவிடும் என்று கூறக் கேட்டிருக்கிறோம். சூளையில் வெந்த களி தன் ஏட்டமைப்பை இழந்துவிடுகிறது. அதனுடன் அயனிமாற்றும் சக்தியிற் பெரும்பகுதியும் போய்விடுகிறது. பானை தண்ணீரைக் குளிர்விக்கும். ஈயத்தை நீக்கும் என்று நம்பியிருக்கலாகாது.

ஒரு சிறு பரிசோதனை

அங்கத்தினர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் ஊற்றுக. ஒன்றில் மெதிலீன் நீலம் இரண்டு மூன்று சொட்டும், மற்றொன்றில் எழுதும் சிவப்பு மை இரண்டு மூன்று சொட்டும் இடுக. இரண்டிலும் காய்ந்து பொடித்த கரிசல் மண்ணை ஒரு மேசைக்கரண்டியளவு போட்டு ஐந்து நிமிடம் நன்றாகக் கலக்கி, ஓரிரவு தெளிய விடுக. காலையில் நீலக் குவளையில் நிறம் பெரும்பாலும் மண்ணோடு அடியில் தங்கியிருக்கும். சிவப்புக் குவளையிலோ மண் அடியில் படிந்திருக்க, தண்ணீர் சிவப்பாகவே நிற்கும்.

இரண்டும் சாயம்தானே, ஏன் இந்த வேற்றுமை? மெதிலீன் நீலம் நேர்மின்சாரம் உடையது. களி அதை ஏற்கிறது. சிவப்பு மையில் உள்ள இயோசின் எதிர்மின்சாரம் உடையது. களியும் எதிர்மின்சாரம் உடையதாதலால் தள்ளிவிடுகிறது. களிமண்ணின் சக்தியை அளப்பதற்கே மெதிலீன் நீலத்தை உபயோகிக்கும் முறை ஆய்வுக்கூடங்களில் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. சோதித்த தண்ணீரையும் மண்ணையும் கிணற்றோரத்திலோ செடியடியிலோ கொட்டாதிருப்பது நலம்.

இந்த இரு குவளைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எஞ்சிய பாடம் சுலபமாகும். ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவை தண்ணீரில் தனி அயனிகளாக இருக்கும்போது நீலக் குவளையைச் சேர்ந்தவை. அவற்றுள்ளும் ஈயத்தைக் களி ஆவலோடு பற்றும். செம்பை அடுத்தபடியாகப் பற்றும். துத்தநாகம், காட்மியம், நிக்கல் ஆகியவை பெரும்பாலும் அதற்கும் பின்னேதான்.

குரோமியத்தில்தான் பலரும் இடறுகின்றனர். குரோமியம் இரண்டு உருவில் நம்மிடம் வருகிறது. மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் நேர்மின்சாரம் உடையது; தோல் பதனிடும் தொட்டிகளில் இடுவது இதுதான். அமிலத் தன்மை குறைந்த நீரில் இது தானே திரிந்து படிந்துவிடும். களியும் இதை உறுதியாகப் பற்றும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமோ குரோமேட் என்ற எதிர்மின் அயனியாகத் தண்ணீரில் நிற்கிறது. மஞ்சள் நிறம் காட்டும். நஞ்சும் மிகுதி, புற்றுநோயும் விளைவிக்க வல்லது. இது சிவப்புக் குவளையைச் சேர்ந்தது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்றின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு குவிக்கப்பட்டது. மழைநீர் அதனூடே இறங்கிச் சுற்றுப்புறத்து நிலத்தடி நீரில் குரோமேட்டைக் கலந்தது. இத்தகைய தண்ணீரில் மூட்டை மூட்டையாகப் பெண்டோனைட்டைக் கொட்டினாலும் மஞ்சள் மாறாது.

அதற்கு வழி வேறு. இயற்கைச் சாயம் காய்ச்சிய பெரியவர்கள் கடுக்காயுடன் அன்னபேதி சேர்த்துக் கறுப்பு நிறம் எடுத்ததை நெசவாளர் அறிவர். அந்த அன்னபேதியாகிய இரும்பு உப்பைக் குரோமேட் நீரில் இட்டால், ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனுக்கு இறங்கிவிடும். ஒரு கிராம் குரோமியத்துக்கு ஏட்டுக் கணக்கில் 16 கிராம் அன்னபேதி வேண்டும். நடைமுறையில் அதற்கும் மேலாகும். பிறகு சுண்ணாம்பு இட்டால் குரோமியம் படிவாகிக் கீழிறங்கும். களிமண்ணுக்கு வேலை அதன் பின்னரே.

ஆர்சனிக்கும் குரோமேட்டைப் போன்றதே. அதைப் பிடிப்பது பெண்டோனைட் அன்று. இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் மிகுந்த செம்புறை மண்ணே பிடிக்கும். மேற்கு வங்காளத்தின் ஆர்சனிக் கிணறுகளுக்காகக் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் செம்புறைக் கல்லைப் பதப்படுத்தி வடிகட்டி செய்தது இக்காரணத்தால்தான்.

சாயத்தினுள் பிணைந்துள்ள உலோகம் இன்னொரு சிக்கல். மயில்நீலச் சாயத்தில் செம்பு நடுவே பூட்டப்பட்டிருக்கிறது. சாயமோ மொத்தத்தில் எதிர்மின்சாரம் உடையது. ஆகவே களி அச்செம்பைக் காண்பதே இல்லை. நாம் பருத்திக்கு இடும் ரியாக்டிவ் சாயங்கள் எல்லாமே சிவப்பு மையின் இனந்தான். களியை நீண்ட சங்கிலியுள்ள அம்மோனியச் சேர்மங்களால் பதப்படுத்தி அதன் மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் எதிர்மின் சாயத்தையும் குரோமேட்டையும் பிடிக்கச் செய்யலாம். ஆய்வுக்கூடத்தில் நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் அச்சேர்மம் விலை கூடியது. களியிலிருந்து கழன்றால் மீனுக்கு நஞ்சு. சிறு சங்கங்களுக்கு அதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

உப்பைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். ரியாக்டிவ் சாயம் நூலில் ஏற லிட்டருக்குப் பல பத்துக் கிராம் உப்பு இடுகிறோம். நொய்யலாற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1992ஆம் ஆண்டில் முடிவுற்ற ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீரை, எந்த உழவருக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்ததற்கு இந்த உப்பே பெருங்காரணம். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், சொட்டுக் கழிவும் வெளியேறாத ஏற்பாடு அங்கே கட்டாயமானதும் அங்கத்தினர் அறிந்தவையே. இந்த உப்பைக் களிமண் நீக்காது. அதுமட்டுமன்று, உப்பிலுள்ள சோடியம் களியின் மடிப்புகளில் புகுந்து, ஈயத்தையும் காட்மியத்தையும் அமரவிடாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். கடினநீரிலுள்ள கால்சியமும் இவ்வாறே. லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியமும் ஒரு மில்லிகிராம் ஈயமும் உள்ள தண்ணீரில், ஓர் ஈய அணுவுக்கு ஐந்நூறு கால்சிய அணுக்கள் வரிசையில் நிற்கின்றன. ஈயத்துக்குக் களியிடம் சலுகை உண்டெனினும் ஐந்நூறு பேரைத் தாண்டி வர வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் செய்த சோதனையின் பலனைக் காட்டி விற்க வருவோரிடம், எங்கள் பட்டறைத் தண்ணீரில் செய்து காட்டுங்கள் என்று கேட்பதற்கு இதுவே காரணம்.

பட்டறையில் செய்யும் முறை

ஆய்வுக்கூடச் சோதனைகளில் லிட்டருக்கு ஒரு கிராம் முதல் பத்துக் கிராம் வரை களி இடுகின்றனர். நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் வெளியேற்றும் பொதுச் சாயச்சாலையில் லிட்டருக்கு 5 கிராம் வீதம் இட்டால், தினம் 500 கிலோ களி வேண்டும். மாதம் 25 நாள் வேலை என்றால் பன்னிரண்டரை டன். அது வாங்கும்போது உள்ள எடை. பெண்டோனைட் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சிச் சேறாகப் படியும். அச்சேற்றைக் காயவைக்க இடமும் ஆளும் வேண்டும். எனவே, எல்லா உலோகத்தையும் களியைக் கொண்டே நீக்க முயல்வது வீண் செலவு. முதலில் சுண்ணாம்பிட்டுப் பெரும்பகுதியைப் படியவைத்து, எஞ்சிய சிறு அளவை நீக்குவதற்கு மட்டும் களியை வைத்துக்கொண்டால் தேவை பல மடங்கு குறையும். இதுவே நமக்கு ஏற்றதென நினைக்கிறோம்.

களி இடும்போது நீரின் அமிலத் தன்மையைப் பார்க்க வேண்டும். அமிலம் மிகுந்திருந்தால் ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உலோகம் நீரிலேயே நிற்கும். பி.எச். அளவு 5க்கும் 7க்கும் இடையில் இருப்பது பொதுவாக நலம். கலக்குவதற்கு அரைமணி முதல் இரண்டு மணி நேரம் போதும்; அதற்குமேல் கலக்கினால் கைவலியே மிச்சம். தெளியவைப்பதுதான் கடினம். பெண்டோனைட் நுண்துகள் நாட்கணக்கில் மிதக்கும். மிதக்கும் துகளோடு உலோகமும் வாய்க்காலுக்குப் போய்விடும். ஆகையால் படிகாரம் இட்டுத் திரட்டிப் படியவைக்க வேண்டும். கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையை இழைத்த நம் முன்னோர், தெளிந்த நீரில் நாமே களியைக் கரைத்துப் பின்பு தெளியவைப்பதைக் கண்டால் சிரித்திருப்பார்கள். குழாயில் நிரப்பி வடிகட்டலாமே என்று தோன்றும். தனிப் பெண்டோனைட் உப்பித் துளையை அடைத்துவிடும். மணலோடு கலந்தோ, இளஞ்சூட்டில் வாட்டிய குருணையாகவோ இருந்தால்தான் தண்ணீர் இறங்கும்.

இவ்வாறு தெளிந்த நீரைக் குடிநீராகக் கொள்ளலாகாது. வெட்டியெடுத்த களியிலேயே சிறிது ஈயமோ ஆர்சனிக்கோ இருக்கக்கூடும்.

பிடித்த உலோகம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, தண்ணீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. பண்டமாற்றில் வாங்கிய பொருளை அதே பண்டமாற்றில் விட்டும்விடலாம். அமில நீர் பட்டாலோ உப்பு நீர் பட்டாலோ களி தான் பிடித்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். இந்தக் குணத்தைக் கொண்டே, களியை அமிலத்தில் கழுவி மறுபடி உபயோகிக்கலாம். ஆனால் கழுவிய அமிலத்தில் உலோகம் முன்னிலும் செறிந்திருக்கும். ஆகவே, பட்டறைக்குப் பின்னால் பள்ளம் தோண்டிச் சேற்றைக் கொட்டுவது, இன்று வாய்க்காலில் விடவேண்டியதை அடுத்த மழைக்குக் கிணற்றில் விடுவதாகும். உலோகச் சேற்றை அபாயகரக் கழிவுக்கென அமைத்த இடத்திற்கே அனுப்ப வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதிகளின் ஏற்பாடு. களி வாங்கும் செலவோடு இந்தச் செலவையும் சேர்த்தே சங்கக் கூட்டத்தில் கணக்கு வைக்க வேண்டும்.

செங்கல் சூளைக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை அடிக்கடி எழும். ஈயமோ செம்போ சிறிதளவு இருந்தால் சுட்ட கல்லில் ஓரளவு இறுகிவிடும் என்பது உண்மை. குரோமியச் சேற்றை மட்டும் அவ்வாறு செய்யவே கூடாது. சுண்ணாம்பும் காற்றும் சேர்ந்த சூளை வெப்பத்தில், தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம் மறுபடியும் ஆறு இணைதிறன் குரோமேட்டாக மாறக்கூடும். நாம் அன்னபேதி இட்டுப் பாடுபட்டு இறக்கியதைச் சூளை ஒரே நாளில் ஏற்றிவிடும். அக்கல்லின்மேல் மழை பெய்தால் மஞ்சள் நீர் வடியும்.

கழனியும் ஒரு வடிகட்டி

இதுவரை பட்டறையைப் பற்றிப் பேசினோம். உழவருக்கு இதைவிட நெருங்கிய செய்தி ஒன்று இருக்கிறது. நாம் விலை கொடுத்து வாங்கி இடாவிட்டாலும், வாய்க்காலின் கீழே இருக்கும் ஒவ்வொரு கழனியும் ஏரியும் களிமண்தான். பட்டறை நீர் பாய்ந்த நாள் முதல் அவை கூலியின்றி அயனிமாற்றம் செய்துகொண்டே இருக்கின்றன. தண்ணீரைச் சோதித்தால் உலோகம் குறைவாகக் காணலாம். காரணம், அது மேல்மண்ணில் தங்கிவிட்டது.

ஜப்பானில் டொயாமா மாகாணத்து ஜின்சு ஆற்றங்கரை இதற்குச் சான்று. மேலே இருந்த காமியோகா சுரங்கத்திலிருந்து காட்மியம் ஆற்றில் கலந்து, பாசன நீரோடு நெல் வயல்களில் பாய்ந்தது. வயல் மண் அதைப் பிடித்து வைத்தது. நெற்பயிர் மண்ணிலிருந்து அதை உறிஞ்சியது. அரிசியை உண்டவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, எலும்பு மெலிந்து முறியும் கொடிய நோய் வந்தது. நோய்க்குக் காரணம் காட்மியமே என்று ஜப்பானிய அரசு 1968ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. அதன்பின் 800 ஹெக்டேருக்கு மேற்பட்ட வயல்களில் கெட்ட மண்ணைப் புதைத்து, மேலே நல்ல மண்ணைப் பரப்பிச் சீர்திருத்தும் வேலை 2012ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. ஆற்று நீர் தெளிந்து பல்லாண்டுகள் கழிந்தும் மண் தெளியவில்லை.

நம் ஊர்களில் கோடை தோறும் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அள்ளிக் கழனிக்கு அடிக்கிறோம். நல்ல ஏரியின் கரம்பை பொன்னுக்கு நிகர். அதை விடச்சொல்லி நாம் கூறமாட்டோம். ஆனால் சாயக் கழிவோ தோல் கழிவோ வந்து விழும் ஏரியில், ஆண்டுக்கணக்கில் உலோகத்தைச் சேர்த்து வைத்திருப்பது அந்தக் கரம்பையே. பாலாற்றுப் படுகையிலும் நொய்யல் படுகையிலும் உள்ளவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அத்தகைய ஏரியின் வண்டலைச் சோதித்துப் பாராமல் ஒரு கூடையும் அள்ளலாகாது. மழைநீர் மட்டும் வந்து சேரும் அடுத்த ஏரி சற்றுத் தொலைவில் இருந்தாலும் வண்டிக்கூலி கூடுதலாகக் கொடுத்து அங்கிருந்து எடுப்பதே லாபம்.

முன்பே கழிவு பாய்ந்த நிலத்தில் பயிரிடுவோர், மண் புளிக்காமல் பார்த்துக்கொள்வது முதல் காரியம். அமில மண்ணில் களி தன் பிடியைத் தளர்த்தும். காட்மியமும் துத்தநாகமும் வேருக்கு எளிதில் கிட்டும். புளித்த நிலமாயின் சுண்ணாம்பிட்டால் பிடி இறுகும். தொழுவுரமும் உலோகத்தைப் பற்றி வைக்கும். கீரையும் முள்ளங்கியும் உலோகத்தை அதிகம் ஏற்பவை; அந்நிலத்தில் உணவுப் பயிரைவிடப் பருத்தியோ மலரோ தக்கது.

சோதனைக்கு மண் கொடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்படி வழங்கப்படும் மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு முதலியவையும் இருக்கும். ஈயம், காட்மியம், குரோமியம் அந்தப் பட்டியலில் இல்லை. அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதால் இவை இல்லை என்று ஆகாது. இம்மூன்றையும் பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். தனி ஒருவர் கட்டணம் கட்டுவது சுமையானால், ஒரே மடையில் பாயும் நிலத்தார் சேர்ந்து சங்கத்தின் மூலம் அனுப்பலாம். மண்ணை இரும்பு அல்லது பூச்சு பூசிய கருவியால் சுரண்டாமல், மரத் துண்டாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ எடுத்துப் புதிய பிளாஸ்டிக் பையில் இடுக.

தண்ணீர் மாதிரிக்கு ஆய்வுக்கூடத்தார் தரும் புட்டியையே உபயோகிக்க வேண்டும். உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டாதிருக்க அவர்கள் அதில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். ஒரே இடத்தில் இரண்டு மாதிரி எடுத்து, ஒன்றை அமிலம் சேர்க்குமுன் வடிகட்டியும் மற்றொன்றை வடிகட்டாமலும் சோதிக்கச் சொல்லுக. வடிகட்டிய நீரில் உள்ளது கரைந்த உலோகம். வடிகட்டாததில் அதற்கு மேல் கூடுதலாகக் காண்பது, மிதந்து செல்லும் களியும் பிற துகள்களும் சுமந்து போவது.